ஜுலைகா சொன்ன ‘பா’

கஜா பெராங், மலாக்கா
12.3.1958

அன்புள்ள உம்மாவுக்கு ஷரீஃபாவின் ஸலாம். முட்டிவலி குறைந்ததா?

நாலு வயதாகியும் பேசாத ஜுலைகாவை ஆஸ்பத்திரியில் காட்டினோம். பயப்படாதீர்கள், காது நன்றாகக் கேட்கிறதாம். பேச்சுப் பழக்கும் சீன மிஸ்ஸி தன் உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து, “பா” என்றார். மூச்சுப் பட்டுக் காகிதம் துள்ளியது. ஜுலைகா அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள், யார் ஆட்டுகிறார்கள் என்று! பிறகு தானே வாங்கி ஊதினாள். ஊதி ஊதி, கடைசியில் “பா” என்றாள்.

“பாத்தியா, வாப்பான்னு என்னையத்தான் கூப்புடுறா!” என்று மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செய்வதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னார் மிஸ்ஸி. “இப்ப அரிசி களையிறோம்” என்று நாள் முழுக்கப் பேசுகிறேன். உம்மா, நான் முதன்முதலில் சொன்ன சொல் எது? மறக்காமல் எழுதுங்கள். இங்கே அதைக் கேட்க எனக்கு யாருமில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
ஷரீஃபா