இரண்டாவது வயரும் மூன்றாவது வயரும்

என்னங்க,

உங்கள் தையல் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நேற்று நம் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தேய்ந்துபோன ஸ்பார்க் பிளக் வயர் நான்கையும் நான் மாற்றியதும், வண்டி இருமி இருமி நின்றுவிட்டதல்லவா? "பழசைக் கழட்டறப்போ நீளமான வயரு ரெண்டாவது பிளக்குல இருந்துச்சே, இப்ப மூணாவதுல இருக்கு" என்றீர்கள். "இது ஒண்ணும் ஊசி நூல் வேலை இல்ல, பேசாம இருங்க" என்று எரிந்து விழுந்தேன். நீங்கள் சாப்பிடாமலே படுத்துவிட்டீர்கள்.

விடிந்ததும் மனசு கேட்கவில்லை. அந்த இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். சாவியைத் திருப்பினேன், முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்து கைதட்டினார். உங்களை எழுப்ப வந்தால், அந்தச் சத்தத்திலும் அசையாமல் தூங்குகிறீர்கள்.

உங்கள் அக்காவை ஸ்டேஷனிலிருந்து அதிலேயே கூட்டி வரப் போகிறேன். முட்டையும் ரொட்டியும் மூடி வைத்திருக்கிறேன். இன்றைக்காவது வயிறாரச் சாப்பிடுங்கள்.

பி.கு.: வீட்டுச் சாவி செருப்பு அலமாரி மேல்.

இன்னொன்று: சாயங்காலம் அக்கா ஓய்வெடுக்கட்டும். வண்டியில் இருப்பது இரண்டே சீட்டு, நாம் இருவரும் ஒரு சுற்றுப் போய் வரலாம்.

கடைசியாக: நீங்கள் சொன்னதுதான் சரி. இதை ஒரு தடவைதான் எழுதித் தருவேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.