ஆறு தலைகளும் ஒரு நீரூற்றும்

1976

பிப்ரவரி 10, செவ்வாய்

மூன்றாவது தலைக்கு இன்று மூக்கு வைத்தேன். நெற்றியிலிருந்து நேராக இறங்கும் மூக்கு, அதன் கீழே காதுவரை கிழிந்த வாய், வாய் நிறையப் பல். ராஜாங்கம் கொடுத்த படத்தில் இருப்பது போலவே வந்துவிட்டது. ஏதோ தீவுக்காரர்களின் சாமியாம். 'டிக்கி' என்றார். காருக்குப் பின்னால் பெட்டி வைக்கிற இடம்தானே டிக்கி என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "எனக்கும் தெரியாதும்மா. இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுல புஸ்தகத்துல பாத்தேன். அந்த ஊர்ல தோட்டத்துல நிக்க வெப்பாங்களாம்."

புதுச்சேரி போகிற வழியில், கடலைப் பார்த்தாற்போல் ஓட்டல் கட்டுகிறார். தோட்டத்துக்கு ஆறு தலை, நடுவில் மூன்று தட்டு நீரூற்று. சித்திரை ஒன்றாம் தேதி திறப்பு.

அப்பா இருந்தவரை இந்தக் கொட்டகையில் மாதா, இறக்கை வைத்த சம்மனசு, கல்லறைச் சிலுவை தவிர வேறெதுவும் செய்ததில்லை. அவர் போய் எட்டு வருஷம் நானும் அதையே செய்தேன். இந்தப் பல்லிளிக்கிற சாமியைச் செய்யும்போது கைக்கு ஒரு விடுதலை. மாதா முகம் இப்படியா இருக்கும் என்று கேட்க யாரும் வரமாட்டார்கள்.

விரலிடுக்கில் அரிப்பு. சிமெண்டுக் கலவையின் சூடு.

பிப்ரவரி 14, சனி

தேங்காயெண்ணெய் போட்டும் அரிப்பு நிற்கவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

நான்காவது தலை முடிந்தது. நீரூற்றின் சின்னத் தட்டும் நடுத்தட்டும் வார்த்தாயிற்று. மணலைக் கவிழ்த்த சட்டி போலக் குவித்து, அதன்மேல் சாக்கு, கம்பி, கோழிவலை, பிறகு கலவை. தெய்வநாயகி கலவை குழைத்துக் கொடுக்க, நான் கையால் அப்பி அப்பி வழித்தேன். கரணையால் வராத வளைவு கையால் வரும். அதனால்தான் கையைக் காப்பாற்ற முடியவில்லை. விரல்களில் நீர்க்கொப்புளம் கிளம்பி, உடைந்து, வெடித்துக் கிடக்கிறது. மணிக்கட்டு வரைக்கும் ஏறிவிட்டது.

தெய்வநாயகி உப்பளத்தில் பாத்தி வாருகிறவள். அங்கே வேலை இல்லாத நாளில் என்னிடம் வருவாள். என் கையைப் பார்த்துவிட்டுத் தன் காலைத் தூக்கிக் காட்டினாள். "எங்க காலப் பாருக்கா. உப்பு தின்னுட்டுப் போன காலு. நீ என்னாமோ கையப் பாத்து அழுவுற."

அழவில்லை. எரிந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 3, சாம்பல் புதன்

கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். பின்னால் வந்த கஸ்பார் பெண்சாதி, தொட்டிக்குக் கை நீட்டிய தன் பிள்ளையின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவளும் தொடவில்லை. வெறும் கையால் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

பூசை முடிந்து வரும்போது தொட்டி காலியாக இருந்தது. யாரோ தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்கள்.

எனக்காகத்தானா? வேறு எதற்காகவாவது இருக்கக்கூடாதா?

மார்ச் 6, சனி

என் வீட்டுக்காரர் தனக்கும் மகள் செல்விக்கும் தண்ணீர் குடிக்க வேறு டம்ளர் எடுத்து வைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "உப்புக் கம்பெனி ஆபீஸ்ல கேக்குறாங்க ஜோசப்பின். ஒரு குமாஸ்தா என்னா பதில் சொல்ல முடியும்?"

"என்னா கேக்குறாங்க?"

அவர் தன் டம்ளரைத் துடைத்தார்.

"பெருவியாதியான்னு கேக்குறாங்களா?"

"நான் சொல்லல. நீதான் சொல்ற."

பத்து வருஷம் என் கையால் சாப்பிட்டவர். நான் போட்ட சோற்றை இன்று ஸ்பூனால் சாப்பிட்டார். வீட்டில் ஸ்பூன் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

மார்ச் 8, திங்கள்

செல்வியைத் திண்டிவனத்தில் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அவளுக்கு ஆறு வயசு. பரீட்சைக்குக்கூட இருக்கவில்லை. பஸ் ஏறும்போது அவள் என்னிடம் ஓடி வந்தாள். நான்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் சொல்லித்தான் என்றில்லை. எனக்கே பயம்.

மார்ச் 11, வியாழன்

ஐந்தாவது தலை போன வாரமே முடிந்தது. நேற்று பெரிய தட்டை வார்த்தோம். நான்கு அடி அகலம். ஏழு நாளாவது நனைந்த சாக்கு காயாமல் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் கொல்லைக் கிணறு உப்பு. கோயில் கிணறு ஒன்றுதான் பக்கத்தில் நல்ல தண்ணீர். இன்று குடத்தோடு போனேன். உபதேசியார் அமிர்தசாமி வந்து குறுக்கே நின்றார். பாவம், அவர் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"கொஞ்ச நாளைக்கு நீங்க கயிறு தொட வேணாம்மா. குடிக்க ஒரு குடம் நான் எடுத்து ஊத்துறேன்."

"குடிக்க இல்லீங்க. தட்டுக்கு ஊத்தணும். பத்து குடமாவது வேணும்."

"அது எப்பிடிம்மா முடியும்?"

ஒரு குடம் ஊற்றினார். குடத்தின் வாயில் தன் வாளி படாதபடி உயரத் தூக்கி ஊற்றினார். பாதி தரையில் போயிற்று.

அந்தத் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொள்ளவில்லை. தட்டுக்கு ஊற்றினேன்.

மார்ச் 12, வெள்ளி

தெய்வநாயகி அவள் தெருக் கிணற்றிலிருந்து ஆறு குடம் கொண்டுவந்தாள்.

மார்ச் 14, ஞாயிறு

அவள் தெருவிலும் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுக்குத் தண்ணி சுமந்தா இந்தக் கிணத்துப் பக்கம் வராதே என்று. வாசலுக்கு வெளியே நின்றே சொன்னாள். "எனக்கு உன் மேல ஒண்ணும் இல்லக்கா. புள்ளைங்களுக்குத் தண்ணி வேணுமே." அவளைக் கோபிக்க முடியவில்லை.

பூசைக்குப் போகவில்லை.

மத்தியானம் வெயில் கொதித்தது. சாக்கு காய்ந்து தட்டு வெளுத்துக்கொண்டே வந்தது. அப்படியே விட்டால் வெடிக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே கம்பி துருப்பிடித்து இன்னொரு நாள் வெடிக்கும். அப்பா இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசிக்கக்கூட இல்லை. கொல்லைக் கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினேன். உப்புத் தண்ணீர் கையில் பட்டதும் உயிர் போயிற்று. ஊற்றிக்கொண்டே இருந்தேன். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை—தட்டு மேலயா, என் மேலயா, என்னைக் கட்டின அந்தாளு மேலயா.

மார்ச் 19, வெள்ளி

சாக்கை எடுத்தேன். தட்டு முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. விளிம்பில் மூன்று வெடிப்பு. ஒன்றில் நகம் போகிறது.

போச்சு.

மார்ச் 21, ஞாயிறு

அவர் படுக்கையைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலை அதிகமாம். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு என்று மட்டும் வாசலில் நின்று சொன்னார். கூட வருகிறேன் என்று சொல்லவில்லை.

நான் ஏன் போகாமல் இருக்கிறேன்? போனால் பெயர் எழுதுவார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் செல்வி இனி வரவே மாட்டாள். போகாத வரைக்கும் அது இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

மார்ச் 24, புதன்

யாரோ பெயர் போடாமல் கார்டு எழுதியிருக்கிறார்கள். குஷ்டரோக இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்துவிட்டார். அய்யனார் என்று பெயர், சின்ன வயசு. உள்ளே வாருங்கள் என்றேன். வெளிச்சம் வேண்டும் என்று வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். தெரு முழுக்க நின்று பார்த்தது.

கண்ணை மூடச் சொல்லிக் கோழியிறகால் தொட்டார். தொட்ட இடத்தை நான் விரலால் காட்ட வேண்டும். பிறகு குண்டூசி. ஒவ்வொரு குத்தும் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் "தெரியுது" என்று சொன்னேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன். முழங்கை நரம்பை அமுக்கிப் பார்த்தார். காது மடலைத் தடவிப் பார்த்தார். என்னை ஒருவர் தொட்டுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அதை அப்போதுதான் எண்ணினேன்.

"இது அது இல்லம்மா" என்றார். தெருவைப் பார்த்தும் சொன்னார். "இது அது இல்லீங்க." பிறகு என்னிடம், "ஆனா இது என்னான்னு எனக்குத் தெரியல. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தோல் டாக்டரம்மா இருக்காங்க."

கூட்டத்தில் ஒரு பொம்பளைக் குரல்: "ஆரம்பத்துல அப்பிடித்தான் தெரியாதாம்."

மார்ச் 29, திங்கள்

தனியாகப் புதுச்சேரி போனேன். பஸ்ஸில் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டேன். டாக்டரம்மா என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். பொம்பளையா சிமெண்டில் சிலை செய்கிறாய் என்று அதிசயப்பட்டு, பிறகு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகில் ஏழெட்டு மருந்தைச் சின்னச் சின்னதாக வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார். நனைக்காமல் புதன்கிழமை வரச் சொன்னார்.

மார்ச் 31, புதன்

பிளாஸ்திரியை உரித்தார்கள். ஒரே ஒரு இடம் மட்டும் சிவந்து கொப்புளித்திருந்ததாம். நர்ஸ் கண்ணாடி காட்டினாள்.

"சிமெண்டுல இருக்கிற ஒரு உப்பு உன் தோலுக்கு ஆகல. குஷ்டம் கிடையாது. யாருக்கும் ஒட்டாது."

நான் அழுதேன். முடிக்கும்வரை டாக்டரம்மா காத்திருந்தார்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ. தொடாம இருந்தா ரெண்டு மூணு மாசத்துல ஆறிடும். திரும்பத் தொட்டா திரும்ப வரும். பத்து வருஷம் கழிச்சுத் தொட்டாலும் வரும். உடம்பு இதை மறக்காது."

"கையுறை போட்டுக்கிட்டா?"

"உள்ள ஒரு துளி போனாப் போதும். வேற வேலை பாரும்மா."

கடிதம் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை நாலு தடவை படித்தேன். நல்ல சேதிதான். நல்ல சேதிதானே?

ஏப்ரல் 4, ஞாயிறு

அவர் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீசில் எல்லாரிடமும் காட்டினார். இன்று பங்குச்சாமியார் பூசையில் அதைப் படித்தார். படிக்கும்போது எல்லாரும் திரும்பி என் கையைத்தான் பார்த்தார்கள்.

சாமியார் பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுத் தன் முன்னால் தீர்த்தத் தொட்டியில் கை நனைக்கச் சொன்னார். நனைத்தேன். எனக்குப் பின்னால் உபதேசியார் நனைத்தார். வேறு யாரும் வரவில்லை.

ஏப்ரல் 6, செவ்வாய்

இன்னும் ஒரு தலை பாக்கி. பெரிய தட்டும் பாக்கி. தெய்வநாயகி வந்தாள். கடிதம் படித்த பிறகு கோயில் கிணற்றைத் தடுக்கவில்லை. கயிறு மட்டும் புதுசாக மாற்றியிருக்கிறார்கள்.

நான் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு தள்ளி நின்றேன். அவள் கையில் கலவை. "இங்க அழுத்து. உதட்ட இன்னும் வெளிய இழு. இல்ல, அப்பிடி இல்ல." பத்து நிமிஷத்தில் தொண்டை வறண்டுவிட்டது. என் கைக்குத் தெரிந்ததை எனக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை. அவள் கடைசியில், "நீ கொஞ்சம் உள்ள போய் உக்காருக்கா" என்றாள். போய் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் பார்த்தேன். ஆறாவது தலை சிரிக்கவில்லை. அதன் வாய் தாகமாக இருப்பவன் வாய் போல இருக்கிறது. என்னுடைய ஐந்தையும்விட அது நன்றாக இருக்கிறது. அதை அவளிடம் சொன்னேன். சொல்லக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 12, திங்கள்

லாரி வந்தது. ஆட்கள் தலைகளைத் தொடுவதற்கு முன்னால் ராஜாங்கத்தைப் பார்த்தார்கள். அவர் வேறு பக்கம் பார்த்தார். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு தூக்கினார்கள். நான் கடிதத்தை எடுத்துக் காட்டினேன்.

"எனக்குத் தெரியும்மா. நான் நம்புறேன்" என்றார். "ஆனா ஓட்டலுக்கு வர்றவங்க நம்பணுமே. நீரூற்று வேணாம். தண்ணி ஓடுற எடம், பசங்க கையக் கால நனைப்பாங்க. தலைங்கள எடுத்துக்கிறேன். யாராவது கேட்டா மெட்ராசுலேர்ந்து வந்துதுன்னு சொல்லிக்கிறேன். நீயும் எங்கயும் சொல்லாத."

சின்னத் தட்டு, நடுத்தட்டு, தெய்வநாயகி புதிதாக வார்த்து ஆறு நாளாக நனைந்துகொண்டிருக்கும் பெரிய தட்டு மூன்றும் கொட்டகையில் கிடக்கின்றன. தெய்வநாயகி அப்போதும் சாக்குக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஏப்ரல் 18, உயிர்த்த ஞாயிறு

செல்வி வந்துவிட்டாள். உயரமாகிவிட்டாள். நான் கையை நீட்டினேன். தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அத்தை தொடக்கூடாதுன்னு சொல்லிச்சும்மா."

அவர் அவளை அடிக்கக் கை ஓங்கினார். நான் தடுத்தேன். குழந்தை என்ன செய்யும்? பஸ் ஸ்டாண்டில் அதை முதலில் செய்தது யார்?

மே 17, திங்கள்

கை ஆறிக்கொண்டு வருகிறது. உரிந்து உரிந்து அடியில் புதுத்தோல். அவர் மாற்றல் கேட்டிருந்தார், கிடைத்துவிட்டது. கம்பெனிக்கு வேதாரண்யத்திலும் உப்பளம் இருக்கிறது. "அங்க போயி சிமெண்டு, சிலை, ஆஸ்பத்திரி எதுவும் பேச வேணாம் ஜோசப்பின். புதுசா இருப்போம்" என்றார். சரி என்றேன்.

கரணை, வலை, கம்பி எல்லாவற்றையும் தெய்வநாயகி எடுத்துக்கொண்டாள். திண்டிவனத்தில் யாரோ ஒரு கல்லறைச் சிலுவை கேட்டிருக்கிறார்களாம். தட்டுகளை என்ன செய்வது என்று கேட்டாள். மாட்டுக்குத் தண்ணி காட்ட யாருக்காவது கொடு என்றேன். "மாட்டுக்குக்கூட வேணாங்கிறாங்கக்கா" என்றாள்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு, வேதாரண்யம்

வீட்டு வேலை, உப்புக் காற்று, அதே வெயில். இத்தனை நாள் எழுத எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி என் கையாலேயே காப்பி வாங்கிக் குடிக்கிறாள். இங்கே யாரும் என் கையைப் பார்ப்பதில்லை.

இன்று பூசை முடிந்து வந்தபோது மாதா நிற்கும் கெபியின் பக்கத்தில் ஒரு கொத்தனார் சம்மனசுக்கு உடைந்த இறக்கையை ஒட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கம்பி வைக்காமல் வெறும் கலவையை அப்பினார். அது விழுந்தது. மறுபடி அப்பினார். மறுபடி விழுந்தது. நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம். நின்றுவிட்டேன்.

செல்விதான் சத்தமாகச் சொன்னாள். "எங்கம்மா இத விட நல்லா செய்யும்."

கொத்தனார் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்பிடியாம்மா? ஒங்களுக்கு இந்த வேலை தெரியுமா?"

"இல்லீங்க. கொழந்த என்னமோ சொல்லுது."

செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.