நின்று கிளம்பும்போது மட்டும் வந்த புகை

இன்று காலை எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். முன்னால் நின்ற பழைய வேன் கிளம்பியபோது குப்பென்று நீலமாகப் புகை விட்டது. கண்ணாடியை ஏற்றுவதற்குள் தீய்ந்த ஆயில் வாசனை உள்ளே வந்துவிட்டது. பின்சீட்டில் இருந்த சவாரிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பொத்தத் தோன்றவில்லை. அதற்கான காரணத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

துறைமுகத்தில் ஒப்பந்த வேலை போன பிறகு நாம் இருவரும் சேர்ந்து இந்தக் காரை வாங்கினோம். காலையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை நான், அதன்பின் நீ. நான் ராயபுரத்திலிருந்து கிளம்பி சவாரிகளை முடித்துவிட்டு திருவொற்றியூர் தேரடிக்கு வருவேன். நீ காத்திவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து காத்திருப்பாய். இரண்டு வீட்டு அடுப்பும் அந்த ஒரு வண்டியால்தான் எரிந்தது.

இரண்டாம் வருடம் என்ஜின் ஆயில் குறைய ஆரம்பித்தது. தரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. ஆனாலும் அளவுக்குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடாது. ஊற்றுவேன், பத்து நாளில் மறுபடி அதே கதை. கொருக்குப்பேட்டை மெக்கானிக் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பிஸ்டன் ரிங்கு பூட்ச்சுபா. எஞ்சின இறக்கணும். ஒரு மாசம் வண்டிய மறந்துடு" என்றார்.

ஒரு மாதம் வண்டி நின்றால் என்ன ஆவோம் என்று யோசித்துக்கொண்டேதான் அன்று தேரடிக்கு வந்தேன். நீ சிரித்தபடி சாவிக்குக் கையை நீட்டினாய். நான் கேட்டேன்: "சாயங்காலத்துல வண்டிய இன்னா பண்றே நீ? ஆயிலு எங்க போவுது? உன் மச்சானோட மீன்புடி போட்டுக்கு எட்த்து ஊத்திகினு கீறியா?"

பக்கத்தில் கடை போட்டுப் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். நீ பதிலுக்குக் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நீட்டிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டு, "நாளைக்கு காலீல நீ ஓட்டு மாமு. நான் பைக்குல பின்னாலயே வரேன். இன்னானு பாத்துடலாம்" என்றாய். அன்று மதியம் வண்டியை எடுக்காமலே பஸ் ஏறிவிட்டாய்.

மறுநாள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை என் பின்னால் வந்தாய். கண்ணாடியில் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. எண்ணூரில் டீக்கடை ஓரம் நிறுத்தியதும் ஜன்னலில் குனிந்து சொன்னாய்: "நேரா போசொல்லோ புகையே இல்ல மாமு. மேம்பாலம் ஏறசொல்லோ கூட இல்ல. ஆர்பர் கேட்டாண்ட லாரிங்க பின்னால ரொம்ப நேரம் நின்னுட்டு கெளம்புன பாரு, அப்ப மட்டும் நீலமா வந்துச்சு. ரிங்கு பூட்ருந்தா மேடு ஏறசொல்லோவும் வரும். இது வால்வு சீலு. நிக்கசொல்லோ மேலேர்ந்து ஆயிலு எறங்குது."

விசைப்படகு என்ஜின்களோடு வளர்ந்தவன் நீ. அப்படியும் நான் நம்பவில்லை. யாரிடமோ அழுத்தம் பார்க்கும் மீட்டரைக் கேட்டு வாங்கி வந்து நான்கு சிலிண்டரிலும் வைத்துக் காட்டினாய். முள் நான்கிலும் இருக்க வேண்டிய அளவில் நின்றது. ரிங் நன்றாகவே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் வேலை. என்ஜினைப் பிரிக்காமல் சீலை மட்டும் மாற்றினால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடுமே என்று பயந்தேன். நீ வலை கட்டும் நைலான் கயிற்றை எடுத்து வந்து, பிளக் துளை வழியாக சிலிண்டருக்குள் சுருள் சுருளாக விட்டாய். என்ஜினைக் கையால் சுற்றியதும் பிஸ்டன் மேலே வந்து கயிற்றை நெருக்கியது. கயிறு வால்வைத் தாங்கிக்கொண்டது. "முனைய மட்டும் உட்றாத. உள்ள பூந்துச்சுனா பேஜாரு" என்றாய். நான் கயிற்றின் முனையைப் பிடித்திருந்தேன். நீ ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்றி, உள்ளிருந்த ரப்பர் சீலை இழுத்தாய். கையோடு நொறுங்கி வந்தது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மாற்றி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அத்தனை நேரமும் "ஸ்பேனர் குடு", "அத புடி" என்று நீ சொல்லச் சொல்ல நான் எடுத்துக் கொடுத்தேன்.

என்ஜினைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். புகைக்குழாய்க்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த நீ, "ஒண்ணுமே இல்ல மாமு!" என்று கத்தினாய். அப்போதே இறங்கி வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் மனைவி இறால் தொக்கு வைத்துச் சோறு போட்டார். தலைகுனிந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் இரண்டு மணிக்கு நீ தேரடியில் சாவிக்காகக் கையை நீட்டினாய், ஒன்றும் நடக்காதது போல. அதன்பின் ஆயில் குறையவில்லை.

நீ நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இன்று மன்னிப்பு கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் வந்தேன். மெலிந்து, கட்டிலில் பாதிகூட நிறையாமல் இருந்தாய். "வண்டி எப்டி கீது?" என்றாய். "சூப்பரா கீது" என்றேன். நர்ஸ் வந்தார். "நாளைக்கு வரேன்" என்று சொல்லிக் கிளம்பினேன். மறுநாள் வந்தபோது உன் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார்.

உன் நேரத்தில் வண்டி ஓட்டுவதாகக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருட்டும்வரை நானே ஓட்டுகிறேன். வருமானத்தில் பாதியை உன் வீட்டில் கொடுக்கப் போனபோது, தேரடியில் அன்று உன்னைக் கேட்ட கேள்வியை உன் மனைவியிடம் சொல்லி அழுதேன். நீ அதை வீட்டில் சொல்லவே இல்லையாம். "மன்னிப்பு கேட்டிருந்தீங்கன்னா உங்கள பாத்து சிரிச்சிருக்கும் அது" என்றார்.

சிரித்திருப்பாய். அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.