பின்னல் போட்ட கை

பிப்ரவரி 4

கழுத்துப் பட்டையோடு தூங்கப் பழகிவிட்டேன். தலைமுடிதான் இன்னும் பெரும்பாடு. வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. நாத்தனார்தான் தினமும் வேலைக்குப் போகிற வழியில் வந்து வாரிப் பின்னிவிடுகிறாள். "தலைய ஆட்டாம உக்காருங்க அண்ணி" என்பாள். ஆட்டுவதற்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

ஓட்டல் சலவைக்கூடத்தில் எனக்கு ஜோடியும் அவள்தான். ஈர விரிப்புகள் டிரம்முக்குள் முறுக்கிக்கொண்டால் ஒருத்தி உள்ளே கைவிட்டு இழுப்பாள், மற்றவள் பட்டனைத் தட்டி டிரம்மைக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பாள். பழைய மெஷின், கதவு திறந்திருந்தாலும் சுற்றும். அதனால் தட்டுவதற்கு முன் "கை வெளியவா?" என்று குரல் கொடுக்க வேண்டும், உள்ளே இருப்பவள் "வெளிய" என்று சொல்ல வேண்டும். அடிபட்ட அன்று எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை. விரிப்பு கையில் சுற்றியிருக்கும்போதே டிரம் திரும்பிவிட்டது.

நஷ்டஈட்டு மனுவில் 'ஈர விரிப்பை இழுத்தபோது' என்று மட்டும் எழுதச் சொன்னேன். பட்டனைப் பற்றி மூச்சு விடவில்லை, இவரிடம்கூட. அவள் வேலை போய்விட்டால் யாருக்கு என்ன லாபம்?

பிப்ரவரி 12

எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். ஆபரேஷன் செய்தால் கை பழையபடி ஆகும். ஓட்டல் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தால்தான் ஆபரேஷன்.

"தேய்மானமும் இருக்கும்மா. இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கிறதுதான். ஆனா அவங்க டாக்டர் அதைத்தான் கெட்டியாப் பிடிச்சுக்குவார். வேலையாலதான் வந்துச்சுன்னு நான் சொல்லணும்னா நடந்தது எனக்குச் சரியாத் தெரியணும். நீங்களா இழுத்தீங்களா, இல்ல ஏதாவது வெடுக்குனு உங்களை இழுத்துச்சா?"

நானாகத்தான் இழுத்தேன் என்றேன்.

"அப்ப உறுதியாச் சொல்றது கஷ்டம்" என்றார்.

பிப்ரவரி 13

டாக்டர் கேட்டதை அவளிடம் சொன்னேன். தலையில் சீப்பு அப்படியே நின்றது. "நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

மார்ச் 3

நஷ்டஈட்டு வழக்கில் முதல் நாள் விசாரணை. கம்பெனி டாக்டர் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார், அலட்டிக்கொள்ளாமல் பேசினார். இது வயதால் வந்த தேய்மானம், வேலைக்குச் சம்பந்தமில்லை. ஆதாரம்? அன்று ஆஸ்பத்திரியில் நானே சொன்னேனாம், தூங்கி எழுந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது என்று.

நான் சொல்லவில்லை. நான் எங்கே பேசினேன்? பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் நின்று டாக்டரிடம் பேசியது அவள். எவ்வளவு பொறுப்பாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாள் என்று அப்போது நினைத்தேனே. என்னத்தச் சொல்றது.

மார்ச் 4

பின்னிக்கொண்டிருந்தபோதே கேட்டுவிட்டேன்.

"பயத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டேன் அண்ணி. பட்டனைத் தட்டினது நான்னு தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"நான் சொல்லலியே."

"நீங்க காட்டிக் கொடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

தெரிந்துமா? தெரிந்ததனால்தானா? அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. திரும்பத்தான் முடியாதே. நுனியில் ரப்பர் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 16

அவள் சூப்பர்வைசர் ஆகப்போகிறாளாம். இவர் வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னார்.

மார்ச் 17

காலையில் வந்தாள். வழக்கத்தைவிட நேர்த்தியாகப் பின்னினாள். "விசாரணைக்குப் போறீங்க, கலையாம இருக்கணும்" என்றாள். மதியம் கம்பெனி தரப்புச் சாட்சியாக எழுந்து நின்றாள்.

"அண்ணிக்கு ரொம்ப நாளாவே கழுத்து வலி உண்டு. அன்னைக்கு வரும்போதே கழுத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் வந்தாங்க. மெஷின் ஓடவே இல்ல."

அவள் போட்ட பின்னலோடு உட்கார்ந்து இதைக் கேட்டேன். அடிப்பாவி. காலைல இந்தத் தலையத்தானடி தொட்ட? ஏதாவது ஒரு வார்த்தை, ஒரு ஜாடை காட்டியிருக்கக் கூடாதா?

வெளியே வந்ததும் எனக்காக வாதாடும் வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடமும். வீட்டில் இவரிடமும். "அவ என் தங்கச்சி" என்றார். நான் யார் என்று கேட்டேன்.

மார்ச் 24

இந்த ஒரு வாரமாக அவள் வரவில்லை. இடது கையாலேயே அள்ளிச் செருகிய கொண்டையோடு விசாரணைக்குப் போனேன்.

அவளிடம் வக்கீலம்மா குரலை உயர்த்தவே இல்லை. வேலையைப் பற்றி, எப்படிக் கற்றுக்கொண்டாள் என்பதைப் பற்றித்தான் கேட்டார். கடைசியில், "நீங்க குரல் கொடுக்காமலே பட்டனைத் தட்டுற ஆள்னு சொல்றாங்களே?" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. வேலையில் குறை சொன்னால் தாங்கமாட்டாள், எனக்குத் தெரியும். "யாரு சொன்னா? குரல் குடுக்காம நான் தட்டினதே இல்ல. அன்னைக்கும் குடுத்தேன், 'வெளிய'ன்னு கேட்ட மாதிரியும் இருந்துச்சு. அண்ணிக்குத்தான் கேக்கல."

ஓடாத மெஷினுக்கு எதற்குக் குரல் என்று வக்கீலம்மா கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

குரல் கொடுத்திருக்கிறாள். அன்றே அதைச் சொல்லியிருந்தால் ரெண்டு பேர் மேலயும் தப்பில்லையே. பழைய மெஷின், காதை அடைக்கிற சத்தம், அவ்வளவுதானே. இதுக்குப் போய் என்னை வித்துட்டியே.

ஏப்ரல் 7

எலும்பு டாக்டர் சாட்சி சொன்னார். தேய்மானம் இருந்தது உண்மை. ஆனால் வெறும் தேய்மானத்தால் ஒரே நொடியில் கை மரத்துப் போகாது. டிரம் இழுத்ததுதான் காரணம். கம்பெனி டாக்டரிடம் கேட்டார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் தானும் வேறு மாதிரி சொல்லியிருப்பேன் என்றார்.

மே 19

தீர்ப்பு எனக்குச் சாதகம். அடுத்த வாரம் ஆபரேஷன்.

அவளுக்கு வேலை போய்விட்டது. இவர் வாரத்தில் ஒருநாள் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை.

மே 22

காலையில் இவர் சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து உட்கார்ந்தார். மூன்றாகப் பிரிக்கத் தெரியவில்லை. முடி முடிச்சு விழுந்து வலித்தது. "அவளைக் கூப்பிடட்டுமா? வரேன்னுதான் சொல்றா" என்றார் மெதுவாக.

மாலையில் முடிவெட்டும் கடைக்குப் போய்க் காதோடு ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.