பாலிசியில் இன்னொரு பெயர்

பாறசாலை,
ஆகஸ்ட் 1997

அன்புள்ள ஷிஜா அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே இருவரும் சுகம். மஸ்கட்டில் நீயும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். மழை விட்டுவிட்டது. அப்பா மீசைக்குச் சாயம் பூசுகிறார். காரணம் பின்னால் வரும்.

வடக்கு வீட்டு சரோஜம் மாமி அமரவிளையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார். கால் எலும்பு முறிவு. நெய்யாற்றின்கரை சர்க்கார் ஆஸ்பத்திரி. படுக்கை, டாக்டர், ஆபரேஷன் எல்லாம் இலவசம். உள்ளே வைக்கும் தகடு மட்டும் வெளியே வாங்க வேண்டும். மாமா இறந்தபின் மாமிக்குத் துணை தையல் மெஷின் ஒன்றுதான்.

அப்பா இன்சூரன்ஸ் ஏஜென்ட் ராஜதாசை வரவழைத்தார். நீ எடுத்துக் கொடுத்த மெடிக்ளெய்ம் பாலிசியை அப்பா மாதச் சீட்டு என்றே நினைத்திருக்கிறார். "எலே, இந்த வருசம் எனக்கு ஒரு தலைவலிகூட இல்ல. எனக்க முறையைச் சரோஜத்துக்குக் குடு."

ராஜதாஸ் சிரித்த சிரிப்பில் டீ முழுக்கச் சட்டையில். "அண்ணாச்சி, இது சீட்டு இல்ல. ஆஸ்பத்திரியில நீங்க கிடந்து, சர்க்கார் தராததை வெளிய வாங்கினா, பில்லுக்குக் கம்பெனி தரும். பேரு உள்ள ஆளுக்கு மட்டும் ஆக்கும். பொண்டாட்டின்னா சேக்கலாம். பக்கத்து வீட்டு ஆளைச் சேக்கப் பற்றாது."

தகட்டை அப்பா பென்ஷனில் வாங்கினார். மாமி இப்போது கோலூன்றி நடக்கிறார். பக்கத்தில் அப்பா.

நேற்று ராஜதாசை மறுபடி பிடித்தார். கல்யாணம் கழிந்தால் பெயர் சேர்க்க எத்தனை நாளாகும் என்று கேட்டார். நான் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் ஒரு வரியும் ஓடவில்லை.

ராஜதாஸ் தயங்கினான். சேர்க்கலாம், ஆனால் பாலிசிக்கு முன்பே வந்த கோளாறுக்கு ஒன்றும் கிடைக்காது, அந்தக் காலுக்குக் கிடைக்காது என்றான்.

"அந்தக் காலு கிடக்கட்டுலே. பாக்கி ஆளு உண்டே."

அம்மா போனபிறகு இந்த வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சிரித்தது நேற்றுத்தான்.

மாமியிடம் நானே போய்ச் சம்மதம் கேட்டேன். "ஷிஜா மனசறிஞ்சு சொல்லாம உங்க வீட்டுப் படி ஏறமாட்டேன் மக்கா. ஏற இந்தக் காலும் விடாது" என்றார். பிறகு தைப்பதுபோல் குனிந்துகொண்டார். ஊசியில் நூல் இல்லை.

அப்பா உனக்கு எழுத வெட்கப்படுகிறார். என்னையும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் மேஜையில் ஏர்மெயில் உறை வாங்கி வைத்திருக்கிறார்.

ஓணம் கழிந்ததும் பாலிசி புதுப்பிக்க வேண்டும். அதற்குமுன் ஒரு கடிதம் போடு அக்கா. அப்பாவுக்கு வேண்டாம், மாமிக்கு. என்னவென்று அழைத்துத் தொடங்குவது என்பதை உனக்கே விடுகிறேன்.

உன் தம்பி,
அனூப்