ஆறுமணிக் குருவியும் புற்றுக் காளானும்

மச்சான்,

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் காளான் வாசனை போகவில்லை. ஹந்தானை மேட்டில் நம் கறையான் புற்றில் இன்று காலை பூத்திருந்தது. நீ இல்லாத முதல் ஐப்பசி.

சுற்றி வளைக்கமாட்டேன்: நீ ஜெயித்துவிட்டாய்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் புற்றருகே ஆறுமணிக் குருவி ஒன்றைப் போனில் படம் பிடித்தாய். இடது காலில் பின்விரல் இல்லை. மறுவருஷமும் அப்படியே ஒன்று. "அதே ஆள்தான்டா" என்றாய்.

"வெரல் இல்லாத குருவி ஊருல ஒண்ணுதானா? காளான நம்பலாம். அது எங்கயும் போறதில்ல, கீழயே கெடக்கு, இடி இடிச்சா எந்திரிக்குது. ஒன் குருவி கடலத் தாண்டி இந்தியாவுக்குப் போயிட்டு இதே புத்துக்கு வருதா? ஜிபிஎஸ் வெச்சிருக்கா?" என்றேன்.

"ஜிபிஎஸ் வெச்சிருந்த நீதான் கலகெதரக்குப் போறப்ப வழி தப்புன."

நம் கூட்டம் சிரித்தது. ஆனால் குருவி விஷயத்தில் என் பக்கம்தான் நின்றது. உனக்கு 'குருவி ஜோசியர்' என்று பெயரே வைத்தார்கள். மூன்றாம் வருஷமும் அதே கால் வந்தால் ஒத்துக்கொள்கிறேன், தோற்றவன் காளான் கறி ஆக்கவேண்டும் என்றேன். அதற்குள் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

கடைகளுக்கு சிசிடிவி பூட்டுகிறவன் நான், பார்க்காததை நம்பமாட்டேன். முதல் இடி கேட்டதும் பழைய கமரா ஒன்றைப் புற்றுக்கு எதிரே பூட்டினேன். இன்று காளான் பறித்து இறங்கும் வழியில், தேயிலைக்கு நடுவே நின்று அதன் பதிவைப் போனில் ஓட்டிப் பார்த்தேன். விடியற்காலை வெளிச்சம். காளான் குடைகளுக்கு நடுவே கறையான் கொத்துகிறது உன் ஆள். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு. இடது கால். பின்விரல் இல்லை!

கத்திவிட்டேன். கொழுந்து எடுத்த அக்காமார் திரும்பினார்கள்.

"என்ன தம்பி, அட்ட கடிச்சிருச்சா?"

"இல்லக்கா, தோத்துட்டேன்!"

காளான் வந்ததில் என்ன பெருமை? அது வீட்டை விட்டே போகவில்லை. குருவி போய்விட்டுத் திரும்பியிருக்கிறது.

வீடியோவை அப்படியே நம் குரூப்பில் போட முடியாது. பின்னால் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பாறை தெரிகிறது. காளான் இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் காட்டாதது தோட்டத்து வழக்கம். அந்த ஒற்றைக் கால் தெரியும் துண்டை மட்டும் வெட்டிப் போட்டேன். ஒருத்தன் விடாமல் எல்லாரும் எழுதினார்கள்: "ஜோசியர் ஜெயிச்சிட்டாரு!"

கறி கொதிக்கிறது, தேங்காய்ப்பால் தூக்கலாக. பாதிக் காளானைப் புற்றிலேயே விட்டு வந்தேன், நீ விடுவதுபோல. முதல் கிண்ணம் உன் அம்மாவுக்கு. "எங்கடா பறிச்ச?" என்று கட்டாயம் கேட்பார். சொல்லமாட்டேன். அந்த இடம் தெரிந்தவர்கள் இனி நானும் அந்தக் குருவியும்தான்.