உடுத்திய சீலை திருப்பி எடுக்கப்படாது

செவ்வாய் இரவு, மனுரேவா வீட்டில்.

இணைய ஏலத்தில் என் பச்சைக் காஞ்சிபுரத்தை எடுத்தவள் இன்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் நின்றாள்.

"அன்ரி, படத்தில இருந்த நிறம் இல்லை. காசைத் திருப்பித் தாங்கோ."

விரித்துப் பார்த்தேன். தோள்பக்கம் ஊசி குத்திய ஓட்டை. முந்தானையில் சந்தனம்.

"நிறம் சரியில்லாத சீலையை உடுத்திக்கொண்டே கலியாண வீட்டுக்குப் போனனீ, பிள்ளை?"

"சும்மா உடுத்திப் பாத்தனான். காசு தராட்டி உங்களைப் பற்றி ஏலப் பக்கத்தில கூடாமல் எழுதிப்போடுவன்."

"வடிவா எழுது. சந்தனத்தையும் சேர்த்து எழுது."

சீலையை அவள் கையிலேயே கொடுத்துக் கதவைச் சாத்தினேன். அந்த முகத்தைச் சாகும்வரை மறக்கமாட்டேன்.

என் சீலைகளை ஏலத்தில் போட்டுத் தரும் மகளுக்குப் பயம். கெட்ட பெயர் வந்தால் மிச்சச் சீலைகளை ஒருவரும் கேட்கமாட்டார்களாம். கேட்காவிட்டால் நானே உடுத்துகிறேன். இனி ஒவ்வொரு சீலைக்குக் கீழும் எழுதச் சொன்னேன்: ஏலம் கேட்குமுன் நிறத்தை விசாரியுங்கள், நேரில் வந்தும் பாருங்கள், உடுத்திய சீலை திருப்பி எடுக்கப்படாது.

ஆங்கிலத்தில் எழுதி வாசித்துக் காட்டினாள். தொடக்கத்திலேயே 'பிளீஸ்' என்று வந்தது. அந்த ஒரு சொல் எனக்கும் தெரியும். அழிக்க வைத்தேன்.